குணா போட்ட கையெழுத்து

அஸ்தினாபுரத்தில் எலெக்ட்ரீஷியனாக இருக்கும் சுகுமார், மனைவி ரோஸியின் முதல் கல்யாணத்தில் பிறந்த ஷர்மிளாவைச் சட்டப்படி தத்தெடுக்க ஆசைப்பட்டார். அதற்குப் பெற்ற தகப்பன் குணா சம்மதிக்க வேண்டும். மகளின் இரண்டு வயதில் வீட்டை விட்டுப் போன குணாவைக் கீழ்க்கட்டளையில் ஒரு டயர் கடையில் தேடிப் பிடித்தார். சண்டை வரும் என்று பயந்துதான் போனார். குணா பேப்பரை வாங்கி, "எங்க சார் போடணும்?" என்று மட்டும் கேட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டு வேலைக்குத் திரும்பினான்.

சுகுமார் வீடு திரும்பியதும் வாசலிலேயே ஷர்மிளா கேட்டாள். "அப்பா, அவரு என்னைப் பத்தி ஏதாவது கேட்டாரா?"

"கேட்டாரும்மா. எந்த கிளாஸ் படிக்கிறன்னு கேட்டாரு."

"ஏழாவதுன்னு சொன்னீங்களா?"

"சொன்னேன்."

தத்து உத்தரவு வந்த பிறகும், குணா தன் கிளாஸைக் கேட்டதை அவள் அம்மாவிடம் சந்தோஷமாகச் சொல்வாள். சுகுமார் எழுந்து வெளியே போய்விடுவார்.