தன் பேரைக் கூப்பிட்டவர்

கருவடிக்குப்பத்தில் கன்னியப்பனைத் தெரியாதவர் கிடையாது. பக்கத்து மேட்டுப்பாளையத்தில் தகர டின் செய்கிற கம்பெனியில் வேலை. அதற்காகவா தெரியும்? சாவுக்குப் பாடுகிறவர் என்றுதான் தெரியும். எழுபதுகளில் அந்தப் பக்கம் ஓர் உயிர் போனால் மேளத்துக்குச் சொல்லுமுன் கன்னியப்பனுக்குத்தான் ஆள் ஓடும். பத்து வருடம் முகம் பார்க்காத அண்ணன் தம்பிகூட அவர் வாயைத் திறந்தால் கட்டிப்பிடித்து அழுவார்கள். அப்பேர்ப்பட்ட தொண்டை.

அந்தப் பாட்டில் பேர் கூப்பிடுகிற கட்டம் ஒன்று உண்டு. பாடையைத் தூக்குமுன் செத்தவரின் உறவுகளை ஒவ்வொருவராகப் பேர் சொல்லிப் பாட வேண்டும். பேர் விழுந்தவர் எங்கே இருந்தாலும் வந்து தலைமாட்டில் நிற்க வேண்டும். பாடுகிறவர் தன் பேரை மட்டும் மறந்தும் சொல்லக் கூடாது. சொன்னால் அடுத்த பாடை அவருக்குத்தான் என்பார்கள்.

1979 மாசி மகத்தில் மைக் செட்டில் எந்த ரிக்கார்டைப் போடுவது என்று இரண்டு தெருக்காரர்களுக்குச் சண்டை. குடித்திருந்தார்கள், வேறென்ன! சாமிக்கண்ணு என்பவன் வயிற்றில் கத்தி இறங்கியது. இறக்கியது யார் என்று இன்றுவரை தெரியாது. மறுநாள் சாவில் கன்னியப்பன் கடைசியாகக் கூப்பிட்ட பேர் செத்தவனின் தம்பி அம்மாவாசையுடையது. அவன் வந்து மரம் மாதிரி நின்றான். கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. அழாதவனை அழவைக்காமல் விட்டால் கன்னியப்பனுக்கு என்ன மரியாதை? எடுத்துவிட்டார்:

"போனவன் போயிட்டான், பொறந்தவன் நிக்கிறியே,
தாய்ப்பால் குடிச்சியா, தண்ணிதான் குடிச்சியா?"

கூட்டம் 'ஹோ' என்றது. அம்மாவாசை அப்போதும் அழவில்லை.

பதினாறாம் நாள் காலையில் கன்னியப்பன் சாப்பாட்டுத் தூக்கைச் சைக்கிளில் மாட்டிக்கொண்டிருந்தார். எதிரே அம்மாவாசை. சட்டை முழுக்க ரத்தம்.

"நீ பாடுனத செஞ்சிட்டேண்ணா. தாய்ப்பால்தாண்ணா குடிச்சேன்" என்றான். அப்படியே நடந்து போய்ப் போலீசில் சரணடைந்தான்.

செத்தது ராஜாங்கம், மைக் செட்காரன். பாவம், சண்டை நடந்தபோது அவன் புங்கமரத்தின்மேல் குழாய் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டிருந்தவன். 'எல்லாம் இவன் போட்ட ரிக்கார்டால வந்தது' என்று அம்மாவாசை கணக்குப் பண்ணியிருக்கிறான். ராஜாங்கத்துக்குத் தையல்நாயகி என்று மனைவி, இரண்டு பெண் பிள்ளைகள். அன்று சாயங்காலம் ராஜாங்கத்தின் தம்பி பலராமன் கன்னியப்பன் வாசலில் வந்து நின்றான். "எங்க அண்ணனுக்கு வந்து பாடணும்ணா" என்றான்.

"தொண்டை கட்டிக்கிச்சுப்பா" என்றார் கன்னியப்பன். பச்சைப் பொய்.

ராஜாங்கம் பேர் விழாமலே எரிந்தான். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே பேசின வாய்க்கு ஒன்றும் ஆகவில்லை, கெட்டது வேறொரு குடும்பம். அதன்பின் கன்னியப்பன் பாடவில்லை. ஆனால் பாட்டு அவரை விட்டால்தானே? கம்பெனியில் டின் அடிக்கிற மெஷின் 'குடிச்சியா, குடிச்சியா' என்றே நாள் முழுக்க அடித்தது. பாலைக் கண்டால் டம்ளரைத் தள்ளி வைத்தார். மனைவி கமலா கேஸ் டிரபிள் என்று நினைத்துக்கொண்டு கடுங்காப்பியே போட்டுக் கொடுத்தாள். ஏழு வருடம் ஒருவரிடமும் அவர் சொல்லவில்லை.

1986 ஜூலையில் பாரீசிலிருந்து தொமினிக் வந்தான். இருபது வயது, அங்கே குடிபோன தமிழ்க் குடும்பத்துப் பையன், இந்த ஊரில் இருக்கிற ஜொசியான் அத்தை வீட்டுக்கு லீவில் வந்தவன், கையில் இரண்டு கேசட் போடுகிற பெரிய டேப் ரிக்கார்டர். ராப் என்று ஒன்று பாடுவான். பாட்டா பேச்சா என்று கேட்டால் இரண்டும்தான் என்பான். அங்கே ரயில் நிலையத்தில் அவன் கூட்டாளியை யாரோ குத்திக் கொன்றுவிட்டார்கள். கத்தி வேண்டாம் என்று ஒரு பாட்டுக் கட்ட வேண்டும் என்பது அவன் வெறி. ஒரு சாவு ஊர்வலத்தில் பலராமன் சட்டிமேளம் அடிப்பதைக் கேட்டு அவனைப் பிடித்துக்கொண்டான். பாடுகிறவர் ஒருவர் வேண்டும் என்றதும் ஊரே கன்னியப்பன் வீட்டைக் காட்டியது.

இரண்டு முறை வந்தான். கன்னியப்பன் முடியாது என்றார். மூன்றாம் முறை வந்து, "சீக்கிரம் வாங்க அண்ணா. பதினஞ்சாந்தேதிக்கு அப்புறம் பலராம் அண்ணா வாசிக்க மாட்டாராம். அன்னிக்கு ஜெயில்கிட்ட அவருக்கு ஒரு வேலை இருக்காம்" என்றான், விவரம் தெரியாமல்.

கன்னியப்பனுக்குத் தெரியும். ஆகஸ்ட் பதினைந்து அம்மாவாசைக்கு நன்னடத்தை விடுதலை, வாசலில் பலராமன் காத்திருப்பான். ஐயோ, இன்னுமொரு பாடையா என்று நினைத்தார். சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

ஜொசியான் வீட்டு மாடி அறையில் ஞாயிற்றுக்கிழமை முற்பகல் மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். பலராமன் முகம் கொடுத்துப் பேசவில்லை. "இன்னிக்குத் தொண்டை சரியாயிடுச்சா?" என்று மட்டும் கேட்டான். தொமினிக் கண்ணை மூடிக்கொண்டு பிரெஞ்சில் மூச்சுவிடாமல் பொரிந்தான். நடுவில் ஒரு பேர் திரும்பத் திரும்ப வந்தது, செத்த கூட்டாளியின் பேர். முடித்துவிட்டுத் தன் நெஞ்சைத் தொட்டான்.

"ராப்ல முதல்ல சொந்தப் பேர் சொல்லணும் அண்ணா. நான் யாரு, எங்கேருந்து வரேன், என்ன பண்ணினேன். பேர் சொல்லாதவன் பேச்சை யாரும் நம்ப மாட்டாங்க."

"எங்க பாட்டுல பேர் சொன்னா சாவு தம்பி."

"அப்ப வேணாம்" என்றான் தொமினிக், பயந்துபோய்.

பலராமன் அடிக்க ஆரம்பித்துவிட்டான். கன்னியப்பன் அவன் கைகளையே பார்த்தார். பிறகு ஏழு வருடமாகத் திறக்காத தொண்டை திறந்தது:

"மரத்துல இருந்தவனே, மைக் கட்டி நின்னவனே, ராஜாங்கம் ராசாவே,
பாட்டால கொன்னவனே, பால் கேட்டுத் தூண்டினவனே,
கன்னியப்பா வாடா, தலைமாட்டுல நில்லுடா!"

மேளம் நின்றது. டேப் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. சாமிக்கண்ணு சாவில் பாடியது, அம்மாவாசை ரத்தச் சட்டையோடு வந்து சொன்னது, தொண்டை கட்டியது என்ற பொய், எல்லாவற்றையும் கன்னியப்பன் ஒன்றுவிடாமல் சொல்லி முடித்தார். பலராமன் எழுந்து மேளத்தைக்கூட எடுக்காமல் படியிறங்கிப் போனான்.

அடுத்த நாட்களில் கன்னியப்பன் கதவைத் தாழ் போடவில்லை. பலராமன் வந்தால் வரட்டும், கத்தி என்மேல் விழுந்தால் அம்மாவாசை தப்புவான் என்று இருந்தார். பயம் இல்லாமல் இல்லை.

பதினைந்தாம் தேதி காலை பள்ளிக்கூடப் பிள்ளைகள் சட்டையில் கொடி குத்திக்கொண்டு மிட்டாயோடு போகும் நேரம், பலராமன் வந்தான். இடுப்பில் துணி சுற்றி ஏதோ செருகியிருந்தது.

"கெளம்புண்ணா" என்றான்.

சுடுகாட்டுக்குக் கூட்டிப் போனான். தையல்நாயகி மகள்கள் இருவரோடும், பெண்கள் உள்ளே வராத வழக்கப்படி, வெளி வாசலில் நின்றாள். "எங்க அண்ணனுக்குப் பேர் விழல. இன்னிக்கு விழணும். அப்புறம் நான் ஜெயிலுக்குப் போறேன்" என்றான் பலராமன்.

கன்னியப்பன் பாடினார். தையல்நாயகி பேரைப் பாடினார், பெண்கள் பேரைப் பாடினார், தன் பேரையும் பாடினார். கடைசியாகப் பலராமன் பேர் விழுந்தது. அவன் வந்து நின்றான், மரம் மாதிரி, கண்ணில் சொட்டுத் தண்ணீர் இல்லாமல். பாட்டில் அதே இடம். பழைய வரி கன்னியப்பனுக்கு நாக்கு நுனி வரை வந்து நின்றது. அதை விழுங்கினார்.

"போனவன் போயிட்டான், பொறந்தவனே பலராமா,
தாய்ப்பால் குடிச்சவனே, தம்பி நீ இருக்கணும்டா,
கண்ணால அழுதுட்டு வீட்டுக்குப் போகணும்டா."

பலராமன் மண்ணில் உட்கார்ந்து கதறினான். தையல்நாயகி உள்ளே வந்து அவன் இடுப்பிலிருந்ததை உருவி எடுத்துக்கொண்டு போனாள். கன்னியப்பனை அவள் ஏறிட்டும் பார்க்கவில்லை. மன்னித்தாளா? அதை அவளிடம் கேட்கிற தைரியம் அவருக்குக் கடைசிவரை வரவில்லை.

தொமினிக் டேப்போடு ஊருக்குப் போனான். மேளம் நின்ற இடத்தை வெட்டாமல் அப்படியே விட்டிருப்பதாகக் கடிதம் எழுதினான்.

விடுதலையான அடுத்த வாரம் அம்மாவாசை வந்தான். தலை நரைத்துப் போயிருந்தது. வாசற்படியில் உட்கார்ந்து, "உள்ள இருந்தப்ப ஒரு நாளும் தூங்கலண்ணா. காதுல நீ பாடிக்கிட்டே இருந்த. நிறுத்துண்ணா" என்றான்.

கன்னியப்பன் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். கமலா இரண்டு டம்ளர் கொண்டு வந்தாள், ஒன்றில் கடுங்காப்பி, விருந்தாளிக்குப் பால் ஊற்றியது.

அம்மாவாசை அதை எட்டிப் பார்த்துவிட்டுத் தள்ளி வைத்தான்.

"எனக்குப் பால் வேணாம்க்கா" என்றான்.