கிடைக்காது என்று எழுதிய பள்ளி

பள்ளியில் முதலாவதாக வருகிற பிள்ளையைக் கல்லூரிக்காரர்கள் வாசல்வரை வந்து அழைத்துப் போவார்கள் என்று நான் மனப்பூர்வமாக நம்பியிருந்தேன். அமெரிக்காவில் இருக்கும் என் சித்தப்பா மகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் முக்கால் மணி நேரம் விளக்கியதன் பலன் அது. அவன் ஊரில் பெரிய பள்ளியில் கூட்டத்தோடு கூட்டமாக நிற்பதைவிடச் சின்னப் பள்ளியில் தலைப்பிள்ளையாக நிற்பதுதான் புத்திசாலித்தனமாம். பள்ளிக்குள் எத்தனாவது என்றுதான் கல்லூரிகள் பார்க்குமாம். நான் திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் ஸ்விட்சும் ஒயரும் விற்கிறவன். அமெரிக்க மிக்சியை இங்கே சொருகினால் புகைந்துபோகும் என்று வாரம் ஒருவருக்காவது சொல்கிறவன், அமெரிக்க யோசனையை மட்டும் அப்படியே சொருகிவிட்டேன்.

அந்த வருடம் என் மகள் பத்தாம் வகுப்பு முடித்திருந்தாள். கணக்கில் மட்டும் ஒரு படி குறைவு, மற்றதெல்லாம் ஏ பிளஸ். பிளஸ் ஒன் சேர, வேண்டிய பள்ளிகளை வரிசைப்படுத்திக் கம்ப்யூட்டரில் எழுதிக் கொடுக்க வேண்டும். மதிப்பெண்ணைப் பார்த்து அரசாங்கம் இடம் ஒதுக்கும். எங்கள் முன்னால் இரண்டு பள்ளிகள் இருந்தன. பெரிய பள்ளியில் திங்கள்தோறும் பரீட்சை. செவ்வாய்க்கிழமை முதல் பெயரிலிருந்து கடைசிப் பெயர்வரை பட்டியல் சுவரில் ஒட்டப்படும். சின்னப் பள்ளி கரமனையில் எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம், பெரிய பேர் கிடையாது. அவளுக்குக் கால்நடை மருத்துவம் படிக்க ஆசை, ஆனால் பரீட்சை என்றால் வயிறு புரளும். பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சைக்கு ஆட்டோவில் போகும்போது என் கடைப் பையிலேயே வாந்தி எடுத்தவள். "அப்பா, எனக்கு அந்தச் செவ்வாய்க்கிழமை லிஸ்ட் வேண்டாம்ப்பா" என்று அவளே சொன்னாள். சரி என்றேன். அவளுக்கு வயிறு, எனக்கு அமெரிக்கா. காரணம் எதுவானால் என்ன, இரண்டு பேரும் ஒரே பள்ளியைத்தான் காட்டினோம்.

விண்ணப்பம் போட்டுக் கொடுத்தது எங்கள் தெருமுனை ஆன்லைன் மையத்து அக்கா, தெருவுக்கெல்லாம் சேச்சி. பாறசாலைப் பக்கத்துக்காரி, பாதித் தமிழும் பாதி மலையாளமுமாகப் பேசுவாள். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுத் திரையை ஒரு முழ தூரத்தில் வைத்துப் படிப்பாள். எத்தனை பேர் வரிசையில் நின்றாலும் எழுதியதை ஒருமுறை வாய்விட்டுப் படித்துக் காட்டாமல் பொத்தானை அழுத்த மாட்டாள். அன்று அவள் விரல் விசைப்பலகைமேல் நின்றபோது, நான் பெரிய பள்ளியை முதலாவதாகவும் சின்னப் பள்ளியை இரண்டாவதாகவும் எழுதச் சொன்னேன்.

காரணம் என் மச்சான். அவர் மகன் அந்தப் பெரிய பள்ளியில்தான் படித்தான். "எழுதினோம், கிடைக்கலை" என்றால் அவர் முன்னால் கௌரவம் மிஞ்சும். "எழுதவே இல்லை" என்றால் பயந்துவிட்டான் என்பார். கணக்கில் ஒரு படி குறைந்த பிள்ளைக்கு அங்கே எப்படியும் இடம் கிடைக்காது. மரியாதையும் நமக்கு, சின்னப் பள்ளியும் நமக்கு. இந்தத் தந்திரத்தை யோசித்த என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

சேச்சி கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கினாள். "வேண்டாத்த ஸ்கூலை எதுக்கு சாரே மேல எழுதுறீங்க? கிட்டிப்போச்சுன்னா பின்னே மாற ஒக்காது. ஃபர்ஸ்ட் ஆப்ஷன் கிட்டினா சேர்ந்தே ஆகணும், இல்லேன்னா மொத்த லிஸ்ட்லேருந்தும் வெளியில."

"கிட்டாது சேச்சி. பேடிக்காதீங்க" என்று அவள் பாஷையிலேயே பயப்பட வேண்டாம் என்றேன்.

"பேடி எனக்கில்லே, சாரே" என்று பக்கத்து ஸ்டூலைப் பார்த்தாள். என் மகள் அங்கே உட்கார்ந்திருந்தாள். நான் அவளைப் பார்த்துக் கண்ணடித்தேன். அவள் சிரிக்கவில்லை.

முன்னோட்டமாக வெளியிடும் சோதனைப் பட்டியலில் சின்னப் பள்ளியே வந்தது. நான் போளி வாங்கிக்கொண்டு சேச்சியிடம் போய்க் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். திருத்த இரண்டு நாள் இருக்கிறது, மேலே இருப்பதை வெட்டிவிடட்டுமா என்று அவள் மறுபடி கேட்டாள். "கெடக்கட்டும் சேச்சி, அழகுக்கு" என்றேன்.

அசல் பட்டியல் வந்த காலையில் சேச்சியே போன் செய்தாள். எப்போதும் "சாரே" என்று தொடங்குகிறவள் அன்று அதை விட்டுவிட்டாள். நேரே, "பெரிய ஸ்கூல்தான் வந்திருக்கு" என்றாள். எங்களுக்கு முன்னால் இருந்தவர்கள் சிலர் விலகிப்போயிருந்தார்களாம். மறுநாள் சாயங்காலத்துக்குள் சேர்ந்தாக வேண்டும். நான் கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். ஃப்யூஸ் கேட்டு நின்ற ஒருவரிடம் பல்பைக் கொடுத்துவிட்டு ஓடியிருக்கிறேன் என்பது பிறகுதான் தெரிந்தது. மூச்சு வாங்க நான் சேச்சியிடம் கேட்ட முதல் கேள்வி, மார்க்கைக் கொஞ்சம் குறைத்துக் காட்ட வழி உண்டா என்பது.

"எத்தனையோ பேர் கூட்டித் தரச் சொல்லி வந்திருக்காங்க சாரே. குறைக்கணும்னு வந்த ஒரே ஆள் நீங்கதான்" என்றாள். சொல்லிவிட்டு அவளும் சிரிக்கவில்லை.

சேர்த்தோம். முதல் திங்கட்கிழமை காலை மகள் குளியலறையிலிருந்து வெளியே வர அரை மணி நேரமாயிற்று. செவ்வாய்க்கிழமை சுவரில் அவளுக்குக் கீழே இரண்டு பெயர்கள் இருந்தன. அடுத்த வாரம் ஒன்று. கடையில் ஆளைச் சிரிக்கவைத்தே ஒயர் விற்கிறவன் நான். வீட்டில் என் ஒரு ஜோக்கும் எரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானமே அவள் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைக்க ஆரம்பித்தாள். நான் கல்லூரிக்கு இதெல்லாம் பயிற்சி என்று ஏதோ ஆரம்பித்தேன். மனைவி ரசக் கரண்டியைப் பாத்திரத்தில் போட்டாள். "உங்க மரியாதையத்தான் எம்பிள்ளை வாரா வாரம் வாந்தி எடுக்கா. இனிமே பேசாதீங்க."

அந்தப் பேச்சை அத்தோடு விட்டேன். அன்றிலிருந்து மச்சானின் போனையும் எடுக்கவில்லை.

ஒரு மாதம் போயிருக்கும். கடையில் ஒருவருக்கு ஃபேன் மாட்டும் முறையை விளக்கிக்கொண்டிருந்தபோது சேச்சி கூப்பிட்டாள். "சாரே, ஒரு ஓடிபி வந்திருக்கும். வேகம் சொல்லுங்க." எதற்கு என்றுகூடக் கேட்காமல் ஆறு எண்களையும் ஒப்பித்துவிட்டு ஃபேனுக்குத் திரும்பினேன். சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் மனைவி ஒரு காகிதத்தை முன்னால் வைத்தாள். சேர்க்கை எல்லாம் முடிந்தபின் பள்ளி மாற ஒரு வாய்ப்புத் தருவார்களாம். என் மகள் சேச்சியிடம் போய்ச் சின்னப் பள்ளியை மட்டும் எழுதியிருந்தாள். அந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, கிடைக்கவேண்டும் என்று எழுதிய ஒன்றுக்காக அந்த வருடத்தில் முதல்முறையாகப் பயந்தேன். ஒரு வாரம் கழித்துக் கிடைத்தது.

சேச்சியின் மையம் இருந்த இடத்தில் இப்போது மொபைல் கவர் விற்கிறார்கள். அவள் விழிஞ்ஞத்தில், துறைமுக வேலை எடுத்த ஒரு கம்பெனியின் ஆபீசில் கம்ப்யூட்டர் முன்னால் இருக்கிறாள். போன மாதம் தேடிப் போய்ப் பார்த்தேன். பேச்சுவாக்கில்தான் சொன்னாள். பள்ளி மாற எழுதிய அன்றும் என் மகள் மையத்தின் பின்பக்கம் போய் வாந்தி எடுத்தாளாம். "ஸ்கூலைப் பேடிச்சு இல்லே சாரே. அப்பா மாமாகிட்ட என்ன சொல்வாருன்னுதான் கேட்டுட்டே இருந்தா."

நான் வாங்கிப் போயிருந்த போளிப் பொட்டலத்தை அவள் பக்கம் தள்ளினேன்.

சின்னப் பள்ளியிலும் அவள் முதலாவதாக வரவில்லை, பதினொன்றாவதாக வந்தாள். அதைக் கல்லூரியில் யாரும் கேட்கவில்லை, நுழைவுத்தேர்வு ராங்கைத்தான் கேட்டார்கள். முதல் வருடம் இடம் கிடைக்கவில்லை. வீட்டிலிருந்து படித்து மறுவருடம் எழுதினாள், கிடைத்தது. இப்போது வயநாட்டில் கால்நடை மருத்துவம் இரண்டாம் வருடம் படிக்கிறாள்.