காமு வைத்த பொட்டு

கரியாஹாட் முனையில் அந்த வெள்ளை வேன் திரும்பினால், ஓட்டுகிறவள் தன் தங்கை என்று பக்கத்துக் கடைக்காரரிடம் சொல்லாமல் காமுவால் இருக்க முடியாது. வாசுகி வங்கி வேலையை விட்டுப் பழைய டீசல் வேன் வாங்கியபோது வீட்டில் எல்லோரும் தலையில் கைவைத்தார்கள். காமு மட்டும் அதற்கு மாலை வாங்கி வந்தாள்.

மகாளய அமாவாசைக்கு இரண்டு நாள் முன்பு வேன் மக்கர் செய்தது. பாலிகஞ்ச் தமிழ்ப் பெரியவர்களைத் தர்ப்பணத்துக்குக் கங்கைக்கரைக்கு அழைத்துப்போகும் சவாரி, வாசுகிக்கு முதன்முதலாகக் கிடைத்தது. அது நன்றாக நடந்தால் துர்கா பூஜைச் சவாரிகளும் அவளுக்கே. வேனோ வெகுநேரம் முனகிவிட்டுத்தான் கிளம்பியது. டீசல் நாற்றம் வேறு.

மெக்கானிக் தபன்தா பானெட்டைத் திறந்ததும் சிரித்துவிட்டார். முந்தின நாள், எந்திரங்களுக்குப் பொட்டு வைத்துக் கும்பிடும் விஸ்வகர்மா பூஜை. கை எட்டிய இடமெல்லாம், ஒரு நட்டு விடாமல், காமு சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தாள்.

"என்ன தீதி, எஞ்சினுக்குக் கல்யாணமா?" என்று அக்காவிடம் வங்காளத்தில் கேட்டார். கீழே சொட்டுவதைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. "ஃப்யூயல் ரெயில் போயிடுச்சு. புதுசு வர ஒரு வாரம் ஆகும்."

வாசுகியின் முகம் வாடியது.

"ரெயிலா? எஞ்சினுக்குள்ளயா?" என்றாள் காமு.

"தடிமனான இரும்புக் குழாய், அக்கா," என்றாள் வாசுகி. " பம்ப் அழுத்தி அனுப்பற டீசலை வாங்கி வெச்சுண்டு, அதை எஞ்சினுக்குள்ள பீச்சற நாலு இன்ஜெக்டருக்கும் கொடுக்கும். விரிசல் விட்டாலோ, உள்ளே துரு பிடிச்சாலோ மாத்தித்தான் ஆகணும். ஆனா லேசுல போகாதே!"

காமு குனிந்து, தான் வைத்த பொட்டுகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள்.

"ரெயில்ல வெச்சதெல்லாம் காஞ்சு அப்படியே இருக்குடி. இதோ, இன்ஜெக்டருக்குப் போற சின்னக் குழாய் நட்டுல வெச்சது மட்டும் கரைஞ்சு ஓடியிருக்கு."

வாசுகி துள்ளி எழுந்தாள். "தபன்தா, ஸ்டார்ட் பண்ணுங்கோ! அக்கா, கையை நீட்டாதே. அந்த வேகத்துல பீச்சற டீசல் தோலையே துளைச்சுடும்."

நீளக் குச்சியில் அட்டையைச் செருகி நட்டின் அருகே காட்டினாள். அட்டையில் மெல்லிய ஈரக்கோடு விழுந்தது.

தபன்தா தலையைச் சொறிந்தார். "ரெயில் தப்பிச்சுது. அந்தச் சின்னக் குழாயை மாத்தினா போதும். மல்லிக் பஜார்ல இன்னைக்கே கிடைக்கும்."

"பழையதையே கழட்டி மாட்டி இறுக்கிட்டா?" என்றாள் காமு.

"கழட்டினா மறுபடி ஒழுங்கா உட்காராதுக்கா. புதுசுதான்" என்றாள் வாசுகி.

அமாவாசைக் காலையில் சாவியைத் திருப்பியதும் வேன் உறுமியது. எள்ளும் செம்புமாக முன்சீட்டில் உட்கார்ந்த, சவாரியை ஏற்பாடு செய்த வெங்கடநாராயணன் மாமா, "துர்கா பூஜைக்கும் நீயே வந்துடும்மா" என்றார்.

வாசுகி கியர் போடப் போனாள்.

"இருடி, இருடி!" காமு சந்தனக் கிண்ணத்தோடு ஓடிவந்தாள். "எஞ்சினை அணை. புதுக் குழாய்க்கு இன்னும் வெக்கலையே!"