பையைத் திறக்க எனக்கு அதிகாரம் இல்லை

தூத்துக்குடியில் ஒரு ஜவுளிக்கடை வாசலில் செக்யூரிட்டியாக நின்ற காலம். நீலச் சட்டை, தோளில் கயிறு, கழுத்தில் விசில். கண்ணாடியில் பார்த்தால் எனக்கே சல்யூட் வைக்கத் தோன்றும். பெண் வீட்டாருக்குத்தான் தோன்றவில்லை. யூனிஃபார்ம் போட்டவன் வீட்டிலும் அதட்டுவான் என்று இரண்டு சம்பந்தம் தட்டிப்போனது.

மூன்றாவது, சாத்தான்குளத்துப் பெண். போட்டோவிலேயே பிடித்துவிட்டது, இதுவும் கைநழுவக் கூடாதே என்று உள்ளூர உதறல். எங்கள் பக்கம் மாப்பிள்ளையை வேலை பார்க்கும் இடத்தில் சொல்லாமல் வந்து பார்ப்பார்கள். மாமனோ சித்தப்பாவோதான் வருவார்கள் என்று நானே முடிவு கட்டி, அந்த வாரம் மீசை வைத்த பெரியவர் யார் வந்தாலும் "வாங்க அண்ணாச்சி" என்று ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன்.

சனிக்கிழமை ஓர் அம்மா வந்தார். பையை டோக்கன் போட்டு வைக்கச் சொன்னால் மாட்டேன் என்றார். ஒரு மணி நேரம் சேலை பார்த்தார். கண் மட்டும் வாசலில் என் மேலேயே இருந்தது. திருட வந்தவர்தான் காவல்காரனை நோட்டம் விடுவார் என்று தீர்மானித்தேன். ஒன்றும் வாங்காமல் உப்பிய பையோடு வெளியே வந்தவரை மறித்து, பையின் வாரைப் பிடித்துவிட்டேன்.

"பையத் தெறங்கம்மா."

"நீ என்ன போலீசா? கைய எடுலே!"

சுருக்கென்றது. பயிற்சியில் படித்துப் படித்துச் சொன்னது அப்போதுதான் மண்டையில் ஏறியது: சம்மதம் இல்லாமல் பையைத் தொடக்கூடாது, திருடியதைக் கண்ணால் பார்க்காமல் பிடித்து வைக்கவும் கூடாது. கையை எடுத்தேன்.

"தப்புதாம்மா. ஒங்க பையத் தெறக்க எனக்கு அதிகாரம் இல்ல. நீங்க போவலாம்."

"நான் எதையாவது எடுத்திருந்தா?"

"நான் பாக்கலயே. பாக்காம எப்படிச் சொல்ல? வெயிலு கொளுத்துது, ஆட்டோ கூப்பிடட்டா?"

விறுவிறுவென்று போய்விட்டார்.

மறுநாள் தரகர் போன் செய்தார். பெண்ணின் அம்மா கடைக்கே வந்து பார்த்தாராம், சம்மதமாம். எந்த அம்மா என்று அப்போதுதான் புரிந்தது. பிறகு சந்தோஷம் தாங்காமல் விசிலை ஊதிவிட்டேன். ரோட்டில் போன இரண்டு ஆட்டோ நின்றது.

நிச்சயத்தன்று அதே பையோடு வந்தார் மாமியார். கூடியிருந்த எல்லார் காதிலும் விழச் சொன்னார்: "கைய எடுன்னேன், எடுத்துட்டாரு. எம்மவளுக்கு அது போதும்."

பையை என்னிடம் நீட்டினார். "இப்ப தெறங்க, மாப்ள."

திறந்தேன். உள்ளே கருப்பட்டி. அதன் மேல் ஒரு கவரில் என் ஜாதகமும் போட்டோவும். அன்றைக்கும் இதேதான் இருந்ததாம்.