வாசற்கதவில் அம்மா மாட்டிய வளையம்

அம்மா கர்த்தருக்குள் கண்மூடி ஓராண்டு நிறைகிறது. எங்கள் வாசல் பந்தலில் வந்து அமர்ந்திருக்கும் உறவினர்களுக்கும், சபையாருக்கும், அம்மாவோடு ஷூ கம்பெனியில் வேலை பார்த்த அக்காமார்களுக்கும் மகளாகிய என் வணக்கம். ஆராதனை தொடங்கக் கொஞ்ச நேரம் இருக்கிறது. அதற்குள் கையிலிருக்கும் இந்த மலரை வாசித்துவிடலாம். நினைவு மலர் என்றால் இறந்தவரைப் பற்றி நல்லதை மட்டுமே எழுத வேண்டும் என்று பலர் சொன்னார்கள். அம்மாவைப் பற்றி நல்லதை மட்டுமே எழுதியிருக்கிறேன். மற்றவர்களைப் பற்றி அப்படி யாரும் சொல்லவில்லை.

அம்மா பிறந்தது கணியம்பாடிப் பக்கம் ஒரு சிற்றூரில். அடுத்தவர் நிலத்தில் களை பறித்து வளர்ந்தவர். அப்பாவைக் கைப்பிடித்து ஆம்பூருக்கு வந்தார். அப்பாவுக்குத் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை. அம்மா ஷூ கம்பெனியில் தையல் மிஷினில் உட்கார்ந்தார். நாங்கள் குடியிருந்தது இதே தெருவில், இதே வீட்டில். எதிர்வீடு அப்பாவின் அக்காவுடையது. அப்பா ஒரே தம்பி. அத்தை சொன்னால் அவருக்கு அதற்கு மேல் பேச்சே கிடையாது.

ஒரு டிசம்பரில் கம்பெனிக்கு வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வந்தார்கள். அவர்கள் வருகிறார்கள் என்று ஆபீஸ் கதவில் பச்சையாக ஒரு வளையத்தை மாட்டியிருந்தார்கள். சிவப்பு ரிப்பன், நடுவில் ஒரு மணி. அவர்கள் ஊரில் கிறிஸ்துமஸுக்கு எல்லா வீட்டுக் கதவிலும் இதை மாட்டுவார்களாம். அம்மாவுக்கு ஆசை வந்துவிட்டது. வட்டமாக அடிச்சட்டம் ஒன்று வேண்டும். ஆம்பூரில் அதைக் கட்டத் தெரிந்தவர் சாவு மாலைக் கடைக்காரர் ஒருவர்தான். அம்மா நேரே அவரிடம் போய் நின்றார். கூடவே நானும் போயிருந்தேன்.

“யாரும்மா தவறிட்டாங்க?” என்று கேட்டார் அவர்.

“யாரும் தவறலண்ணா. யேசு சாமி பொறக்கப் போறாரு” என்றார் அம்மா.

வைக்கோல் வளையத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு கடைத்தெரு வழியாக நடந்தே வந்தார். பார்த்தவர்கள் எல்லோரும் ஒதுங்கி வழிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து அதில் பச்சைத் துணியைச் சுற்றினார். கம்பெனியில் கழித்துப் போட்ட பச்சைத் தோல் துண்டுகளைச் சூப்பர்வைசரிடம் கேட்டு வாங்கி வந்திருந்தார். அவற்றை இலை இலையாக வெட்டி, மீன் செதில் மாதிரி ஒன்றன்மேல் ஒன்று படியவைத்துத் தைத்தார். சிவப்புத் தோலைச் சுருட்டிக் குட்டிக் குட்டிப் பழங்கள் செய்தார். உச்சியில் ஒரு ரிப்பன். கதவில் மாட்டிவிட்டுத் தெருவில் இறங்கி நின்று பார்த்தார். அப்பா, “ஜோரா கீதும்மே” என்றார். அம்மா அவ்வளவு சந்தோஷப்பட்டு அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

எதிர்வீட்டிலிருந்து அத்தை வந்தார். அத்தை அப்போது மாதர் சங்கத் தலைவி. வேதாகமத்தில் எந்த அதிகாரத்தைக் கேட்டாலும் சொல்வார். ஆனால் கதவில் தொங்கியது அவர் கண்ணுக்குப் பிணத்தின் மேல் வைக்கும் மலர் வளையமாகத்தான் தெரிந்தது. நம் ஊரில் அதுவரை யாரும் வளையத்தை வேறு எதற்கும் வைத்துப் பார்த்ததில்லை என்பது உண்மை. அதனால் அவர் பயந்ததை நான் குற்றம் சொல்லவில்லை. பயந்தவர் கேட்டிருக்கலாம். அவர் கேட்கவில்லை. “உயிரோட இருக்கிற வூட்டு வாசல்ல சாவு வளையத்த மாட்டி வெச்சிருக்கியே, நீ பொம்பளையா?” என்று கத்தினார். கையால் தொட்டால் ஆகாது என்று எங்கள் வீட்டுத் துடைப்பக் கட்டையை எடுத்து, அதைக்கொண்டு வளையத்தை நெம்பித் தள்ளி, சாக்கடைவரை உருட்டிக்கொண்டு போய் விட்டார். பிறகு வீட்டுக்குப் போய்த் தலைமுழுகினார். அம்மா அதை எடுத்துக் கழுவிக் காயவைத்தார். மறுபடி மாட்டினார்.

அதற்குப் பிறகு வந்த கோடையில் அத்தை மகளுக்கு நிச்சயதார்த்தம். தாய்மாமன் என்ற முறையில் அப்பா மணையில் உட்கார வேண்டியிருந்தது. காலையிலிருந்தே அவருக்கு நெஞ்சில் வலி. இடது கையைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். சட்டை முழுக்க வியர்வை. அம்மா அத்தையை ஓரமாகக் கூப்பிட்டார். நான் பக்கத்தில் நின்றேன்.

“அண்ணி, அவருக்கு முடியல. வேலூர் ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போயிடறேன்.”

“வாயுவுக்குப் போயி இன்னாத்துக்கு இவ்ளோ பேஜார் பண்ற? தாய்மாமன் எழுந்து போனா சம்பந்தி வூட்டாருங்க முன்னாடி எனக்கு இன்னா மரியாதை? சோடா குடிச்சிட்டு உக்காரச் சொல்லு. தட்டு மாத்தட்டும், அப்பால போலாம்.”

அப்பா சோடா குடித்தார். அக்கா சொல்லிவிட்டாரே. தட்டு மாற்றினார்கள். பந்தி போட்டார்கள். முதல் பந்தி எழுந்திருக்கும்போது அப்பா சரிந்து விழுந்தார். பள்ளிகொண்டா தாண்டுவதற்குள் ஆம்புலன்ஸிலேயே போய்விட்டார்.

அடக்க ஆராதனைக்கு வந்தவர்களில் பலர் இன்றும் இங்கே இருக்கிறீர்கள். அன்று அத்தை மார்பில் அடித்துக்கொண்டு அழுதது உங்களுக்கு நினைவிருக்கும். “அன்னிக்கே சொன்னேனே! சாவு வளையத்த மாட்டி என் தம்பிய தூக்கிக் குடுத்துட்டாளே!” நீங்கள் எல்லோரும் அம்மாவைத் திரும்பிப் பார்த்தீர்கள். சோடாவைப் பற்றி அத்தை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றிலிருந்து அம்மாவுக்கு ‘வளையக்காரி’ என்று பெயர். கல்யாணப் பத்திரிகை எங்கள் வீட்டுக்கு வரும், அம்மா வரவேண்டாம் என்ற சொல்லும் கூடவே வரும். வளைகாப்பில் அவரை வாசலோடு நிறுத்தியவர்கள் உண்டு. யார் யார் என்று எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும்.

உண்மையைச் சொல்லும்மா என்று நான் சண்டை போட்டேன். “சொன்னா அந்தப் பொண்ணு தலையிலதான்டி வந்து விடியும். நிச்சயத்துக்கே மாமன முழுங்கிட்டாளேன்னு சொல்லுவாங்க. கல்யாணம் நின்னுடும். என் மேலயே இருக்கட்டும்” என்றார் அம்மா. அந்தக் கல்யாணம் நல்லபடியாக நடந்தது. அதற்கும் அம்மா வரவேண்டாம் என்றுதான் அத்தை சொல்லி அனுப்பினார்.

அம்மா சாது என்று இன்று பலர் பேசுவீர்கள். சாதுவெல்லாம் இல்லை. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் வளையம் கட்டினார். சாவு மாலைக் கடைக்கு அப்புறம் போகவில்லை. கட்டுக்கம்பியைத் தானே வளைத்து, வைக்கோலைத் தானே சுற்றினார். ஆண்டுக்கு ஆண்டு வளையம் பெரிதாகிக்கொண்டே போனது. கதவை எதிர்வீட்டு முகமாகத் திறந்துவைத்து அதில் மாட்டுவார். டிசம்பர் முழுக்க அத்தை வீட்டுத் தெருப்பக்க ஜன்னல் சாத்தியே இருக்கும். அத்தை பின்சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு ஆலயத்துக்கு வருவார். “உங்க அத்தை இன்னிக்கும் சந்துலதான் போறாங்களா, பாருடி” என்று சொல்லி அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார். அம்மா தீர்த்துக்கொண்ட பழி அவ்வளவுதான். எனக்கு அது போதவில்லை.

கடைசியாகச் சிறுநீரகம் பழுதாகிப் படுத்தபோதும் மடியில் தோல் துண்டுகள் இருந்தன. முகம் வீங்கி, விரல் வீங்கி, ஊசி பிடிக்க முடியாமல் தைத்தார். அந்த வளையம் கதவில் தொங்கும்போதே கண்ணை மூடினார். அன்று அத்தை ரிப்பன் கட்டிய பெரிய மலர் வளையத்தோடு வந்து அம்மாவின் காலடியில் வைத்தார். அதை மட்டும் கையால்தான் தூக்கி வந்தார்.

இதை எழுதுவதற்கு முன் அத்தை மகளிடம் கேட்டேன். அவளுக்கு இப்போது தோளுக்கு மேல் வளர்ந்த பிள்ளைகள். “எழுதுடி. சோடாவ உடைச்சிக் குடுத்தவளே நான்தான். இத்தனை வருஷமா தொண்டையில நிக்குது” என்று அழுதாள். போதகர் ஐயாவிடமும் சொன்னேன். பழிவாங்குவதைக் கர்த்தரிடம் விட்டுவிடும்மா என்றார். விட்டுவிட்டேன். கர்த்தருக்கும் சாட்சி தேவைப்படும் என்பதால் இதை அச்சடித்திருக்கிறேன்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் இருக்கிறார்கள். அப்பா இறந்த அந்த வாரம் முழுக்க எங்களுக்குச் சோறு கொடுத்த பக்கத்து வீட்டுப் பாயம்மாவுக்கு நன்றி. “என்னா அழகா இருக்குது, நம்ம வூட்டுக்கும் ஒண்ணு குடும்மா” என்று அம்மாவிடம் வளையம் கேட்டு வாங்கிப் போன முதல் ஆள் அவர்தான். தோல் துண்டுகளைச் சேர்த்துக் கொடுத்த கம்பெனி அக்காமார்களுக்கு நன்றி. வேலூருக்கும் ஆம்பூருக்கும் அம்மாவைத் தூக்கிக்கொண்டு அலைந்த என் வீட்டுக்காரருக்கு நன்றி. வாயைத் திறந்த அத்தை மகளுக்கு நன்றி.

அத்தைக்கும் நன்றி. அழைத்ததும் வந்து முதல் வரிசையில் அமர்ந்திருக்கிறார். அவர் கண்ணாடி கொண்டுவராதிருந்தால் பக்கத்தில் இருப்பவர்கள் இதைச் சத்தமாக வாசித்துக் காட்டவும்.

ஆராதனை முடிந்ததும் அம்மாவின் படத்துக்குப் பூமாலை போடப்போவதில்லை. அவர் கடைசியாகத் தைத்த வளையத்தைத்தான் போடப்போகிறோம். அது மேசைமேல் இருக்கிறது. குடும்பத்தில் மூத்தவர் என்ற முறையில் அத்தை எழுந்து வந்து, அதைத் தம் கையால் எடுத்துப் போடும்படி கேட்டுக்கொள்கிறோம். துடைப்பக் கட்டை எதுவும் எடுத்து வைக்கவில்லை.