அத்திம்பேர் கொண்டு வந்த கிணற்றுத் தண்ணீர்

மயிலாப்பூர் வீட்டு வாசலில் அத்திம்பேர் வந்து நின்ற காலை அப்படியே நினைவிருக்கிறது. தோளில் பை, கையில் திருகுமூடி போட்ட செப்புக் கூஜா. ரயிலில் யாரையும் அதைத் தொட விடவில்லையாம். அக்காவின் கணவரான அவர் வடக்கே ஒரு தாமிரச் சுரங்கத்தில் பொறியாளர். மேலதிகாரிக்கே பயப்படாத மனிதர், அன்று பயந்திருந்தார்.

பல வருஷம் காத்திருந்து அக்கா அப்போதுதான் உண்டாகி எங்களோடு வந்து இருந்தாள். சுரங்கத்தில் வெட்டிக் கொட்டிய கல்லின்மேல் மழை விழுந்தால் அதிலிருந்து அமிலம் ஊறும். தாமிரத்தைக் கரைத்துக்கொண்டு பக்கத்து ஓடையில் இறங்கும். ஓடைத் தண்ணீர் கண்ணாடி மாதிரிதான் இருக்கும், ஆனால் ஒரு மீன் கிடையாது, கல்லெல்லாம் பச்சை பூத்திருக்கும் என்று அத்திம்பேர் சொல்லியிருக்கிறார். அவர்கள் குடித்தது குவார்ட்டர்ஸ் கிணற்றுத் தண்ணீர். கிணற்றுக்கும் ஓடைக்கும் நடுவில் ஒரு மதில்தான். மதில் தண்ணீரைத் தடுக்குமா என்பதுதான் கேள்வி.

நான் அடையாறில் ஒரு தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தேன். கூஜாவில் இருந்த கிணற்றுத் தண்ணீரை அங்கே சோதித்தேன். முடிவு வந்தது: தாமிரம் அளவுக்கு மேல். அத்திம்பேர் சாப்பாட்டைத் தொடவில்லை. வேலையை விட்டுவிடப்போவதாகச் சொன்னார். அக்கா வயிற்றில் கைவைத்தபடி, "குடிச்சது குடிச்சாச்சு. இனிமே விட்டு என்ன?" என்றாள். எனக்கு அவள் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை.

மறுநாள் அம்மா கொல்லையில் கூஜாவைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். உள்விளிம்பில் பச்சையாகக் களிம்பு. எங்கள் வீட்டில் செம்பு என்றாலே சுத்தம். அதைச் சந்தேகிக்க ஒருவருக்கும் தோன்றவில்லை, ரசாயனம் படித்த பிரகஸ்பதியான எனக்கும்தான். கிணற்றிலிருந்து நேராக இதில்தான் பிடித்தாரா என்று கேட்டேன். "பின்னே எதுல? கங்கா ஜலம் மாதிரி மடியிலயே வெச்சுண்டு வந்தேன்" என்றார் அத்திம்பேர், கோபமாக.

எங்கள் கூடத்துப் பிளாஸ்டிக் பாட்டில்களோடு அவரைத் திருப்பி அனுப்பினேன். கிணற்றில் ஒன்று, ஓடையில் ஒன்று பிடித்து அனுப்பினார். கிணற்றுத் தண்ணீர் பழுதில்லை, முதலில் கண்ட தாமிரம் கூஜாவிலிருந்து இறங்கியது. செய்தி கேட்டு அக்கா ஒரு பாட்டம் அழுதாள். பிறகு பசிக்கிறது என்றாள். அம்மா அடைக்கு அரைத்துப் போட்டாள். அன்று நாங்கள் எல்லோரும் சாப்பிட்ட சாப்பாடு மாதிரி ஒரு சாப்பாடு எனக்கு வாய்த்ததில்லை.

ஓடைத் தண்ணீர் வேறு கதை. அதில் தாமிரம் அளவுக்குப் பல மடங்கு மேல் என்று அத்திம்பேருக்குப் போனில் சொன்னேன். ஓடைக்குக் கீழே இருந்த குடிசைகளுக்கு அதுதான் குடிதண்ணீர். மேலிடத்தோடு மாதக்கணக்கில் மல்லுக்கு நின்றார். கல் கொட்டுவதை அவரால் நிறுத்த முடியவில்லை. கிணற்றிலிருந்து மதிலுக்கு வெளியே ஒரு குழாய் போடவைத்தார்.

பெண் குழந்தை, கொழுகொழுவென்று. இப்போது எங்கள் வீட்டில் தங்கிக் கேன் தண்ணீர் குடித்துக்கொண்டு கல்லூரிக்குப் போகிறாள். அன்று அந்தக் கைக்குழந்தையோடு ஊருக்குத் திரும்பிய அக்கா, போன உடனே எனக்குப் போன் செய்தாள்.

"குழாய்கிட்ட குடத்தோட நிக்கறாடா எல்லாரும். நான் குடிக்கறதைத்தான் அவாளும் குடிக்கறா. இப்பத்தான் எனக்குத் தண்ணி தொண்டைல இறங்கறது."