பப்பாளி வேண்டாமுங்க

கோவையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில், வெளிநாடு போகிறவர்களுக்குத் தடுப்பூசி போடும் டிராவல் கிளினிக்கில் நான் சீனியர் சிஸ்டர். ஊசிக்கு அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன், மயங்கி விழுந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். பொள்ளாச்சி கொப்பரை வியாபாரி பழனிசாமி அண்ணன் மாதிரி ஒரு கேஸைப் பார்த்ததே இல்லை.

வெளிநாட்டில் ஒரு தீவில் இருக்கும் மகனைப் பார்க்கப் போவதற்காக வந்தவர், டைபாய்டு, ஹெபடைடிஸ் ஏ, இரண்டையும் சிரித்துக்கொண்டே போட்டுக்கொண்டார். அலர்ஜி வருகிறதா என்று பார்க்க அரை மணி நேரம் உட்கார வைத்து, வழக்கமான பாடத்தை ஆரம்பித்தேன். கொதித்த தண்ணீர், கொசுவுக்குக் கிரீம். வெளியில் நறுக்கி வைத்த பழமும் ஐஸ் ஜூஸும் கூடவே கூடாது.

"அதெல்லாஞ் செரீங்க சிஸ்டர். பக்கத்து ஊட்டுக்காரங்க கொண்டாந்து நீட்டுனா வேண்டாம்னு எப்படிங்க சொல்றது? அவங்க மனசு சங்கடப்படுமல்லங்க!"

அவர் மனைவி தெய்வானை அக்காவுக்கு வந்ததே கோபம். "போன தடவை தீவுல மகன் ஊட்டுக்குப் போயி, பக்கத்து ஊட்டுக்காரங்க குடுத்ததையெல்லாம் தின்னுபோட்டு ஆஸ்பத்திரில படுத்துட்டாருங்க. பொறந்த பேத்திய போன்லதான் பாத்தாரு. இந்தத் தடவையும் படுத்தா, இனி நான் ஒருத்தியே போயிக்கறேன்!"

"பேத்தியத் தூக்கோணுமுங்க," என்றார் அண்ணன். எனக்குப் பாவமாக இருந்தது.

என் டிபன் பாக்ஸிலிருந்த பப்பாளியை எடுத்து வந்தேன். "நான்தான் பக்கத்து ஊட்டம்மா. வேண்டாம்னு சொல்லுங்க பாக்கலாம்."

"வேண்டாமுங்க."

"அட, ஒண்ணே ஒண்ணுங்ண்ணா."

"செரி, உங்களுக்காக," என்று வாயில் போட்டுக்கொண்டார்.

வயிறு சரியில்லை என்று சொல்லச் சொன்னேன். அழகாகச் சொன்னார், சொல்லிக்கொண்டே எடுத்தார். பப்பாளி தீர்ந்ததுதான் மிச்சம்.

கடைசியில் ஒரு தலையணையை அவர் இடுப்பில் ஏற்றினேன். "இதுதான் பேத்தி. ரெண்டு கையாலயும் புடிச்சுக்கங்க, எறக்கவே எறக்காதீங்க." காலி டப்பாவை நீட்டினேன்.

"கை காலியில்லீங்களே!" என்றார். அவருக்கே ஆச்சரியம்.

அடுத்த மாதம் இருவரும் திரும்பி வந்தார்கள். அண்ணனுக்கு ஒரு தலைவலிகூட இல்லை. எல்லா போட்டோவிலும் பேத்தி அவர் இடுப்பில்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

தெய்வானை அக்கா ஒரு தூக்குப்போசியைத் திறந்தார். "தீவுல பக்கத்து ஊட்டம்மா உங்களுக்குன்னே குடுத்துச்சுங்க. பால்ல செஞ்சது, ரெண்டு ஃபிளைட் மாறிப் பத்திரமா கொண்டாந்தேன்." வாடை அப்போதே சரியில்லை. நல்லவேளை, என் இரண்டு கையிலும் ஊசி ட்ரே.

"கை காலியில்லீங்கக்கா."

"அதுக்கென்ன? ஆ காட்டுங்க கண்ணு!"

இரண்டு நாள் லீவு போட்டேன். புதிதாக வரும் சிஸ்டர்களுக்கு நான் சொல்வது இதுதான்: தீவிலிருந்து தப்பிக்க வழி சொல்லிக்கொடுக்கலாம். பொள்ளாச்சியிலிருந்து தப்பிக்க இன்னும் ஊசி வரவில்லை.